மூடி இறுகிய காரணம்

சூடான சாப்பாட்டை டப்பாவில் போட்ட கையோடு மூடக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏன் என்று தெரியாது. வியர்த்துவிடும், கெட்டுப்போகும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். சூட்டில் கிளம்பும் ஆவி உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். மூடி வைத்து ஆறியதும் அந்த ஆவி தண்ணீராகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இப்போது உள்ளே காற்றும் இல்லை, ஆவியும் இல்லை. வெளிக்காற்று முழு பாரத்தோடு மூடியை அழுத்திக்கொண்டு நிற்கும். திறக்க முடியாமல் திணறுகிறவர் மூடியோடு மல்லுக்கட்டவில்லை, காற்றோடு மல்லுக்கட்டுகிறார். காற்றோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் இல்லை.

டப்பாவின் அடியைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் போதும். தானாக விட்டுக்கொடுத்துவிடும்.

ஐயா, முகத்தைச் சுளிக்க வேண்டாம். "நடந்தத உங்க பாணியில சொல்லுங்கம்மா" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். என் பாணி இதுதான். முதலில் அடுப்பைப் பற்றவைப்பேன், பிறகுதான் பாடத்துக்கு வருவேன். முன்வரிசை பெஞ்சு உங்கள் உயரத்துக்குக் கொஞ்சம் இடுக்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் இருக்கும் எவர்சில்வர் டப்பாதான் விசாரணைக்கு நீங்கள் கொண்டுவரச் சொன்ன சான்று. உள்ளே நாலு பிஸ்கட் வைத்திருக்கிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்துச் சாப்பிடலாம்.

இந்தக் கூடத்தைக் கட்டும்போது செய்முறைக் கூடம் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் ஆவிக்கூடம் என்பார்கள். என்னை ஆவி டீச்சர் என்பார்கள். நேருக்கு நேர் சொல்ல மாட்டார்கள், நடைவழியில் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். காதில் விழாத மாதிரி நடப்பேன். உள்ளுக்குள் பெருமைதான், மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு என்னுடையது. பழைய எண்ணெய் டின்னில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆவி புசுபுசுவென்று வரும்போது இறக்கி, மூடியைத் திருகிவிட்டுப் பச்சைத்தண்ணீரை மேலே ஊற்றுவேன். பின்வரிசையில் எப்போதும் யாராவது ஒருத்தி வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொள்வாள். வெடிக்காது. யாரும் தொடாமலே அந்த டின் முனகிக்கொண்டு, இடுப்பு ஒடிந்து, அப்படியே உள்ளுக்குள் குறுகிப்போகும். பிள்ளைகள் மூச்சுவிட மறந்துபோவார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு ஒரு விதி உண்டு. காட்ட வேண்டும், கேட்க வேண்டும், சொல்ல வேண்டும். முதலில் காட்டு. பிறகு ஏன் இப்படி ஆனது என்று கேள். கடைசியில் விளக்கத்தைச் சொல். காட்டிவிட்டுச் சொல்லாமல் போனால் அது வித்தை, தெருமுனையில் தொப்பியை நீட்டுகிறவன் வேலை. விளக்கம் சொன்னால்தான் பாடம். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கெல்லாம் இதை நான்தான் சொல்லித் தருகிறேன். விசாரித்துப் பாருங்கள்.

இனி என் சம்பந்திக்கு வருகிறேன்.

என் ஒரே மகளை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். தங்கமான குடும்பம். அவர் மனைவி உயிரோடு இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அதனால் சம்பந்தி சண்டை போட ஆளே இல்லாத வீடு என்று மாப்பிள்ளை கேலி செய்வார். வேறு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த சம்பந்தி, போன வருடம் இங்கேயே தலைமை ஆசிரியராக வந்து சேர்ந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆள் வாட்டசாட்டம். இளமையில் குண்டு எறிந்து கோப்பை வாங்கியவர். கைகுலுக்கினால் மோதிரம் விரலில் பதிந்துவிடும். வீட்டில் எந்த மூடி இறுகினாலும் "இங்க குடும்மா" என்று வாங்குவார். ஒரே முறுக்கு. திறந்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பரிசு வாங்கிய பையன் மாதிரி. என் மகள் மாசமாக இருந்தாள். "பேரப்புள்ள வரட்டும் சம்பந்தியம்மா, கீழயே விட மாட்டேன். தோள்லயே வச்சுக்கிட்டுத் திரியப் போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதவியேற்ற கொஞ்ச நாளில் இந்தக் கூடத்தைப் பார்க்க வந்தார். நின்றபடியே பார்த்தார். உட்காரவில்லை.

"இந்த அடுப்பு, கண்ணாடி, வெந்நீரெல்லாம் எதுக்கு சம்பந்தியம்மா? ஒரு பெரிய திரை மாட்டிடலாம். டின் நசுங்கறத நூறு தடவ வேணும்னாலும் போட்டுக் காட்டலாமே."

"பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி வருமா சம்பந்தி?"

"பக்கத்துல நின்னுதானே ஒரு பையன் கையச் சுட்டுக்கிட்டானாம்?"

"லேசாத்தான்."

"லேசோ பலமோ, பெத்தவங்க வந்து நம்ம சட்டையத்தானே புடிப்பாங்க?"

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். தப்பாகப் பேசியிருந்தால் வாதாடிப் பார்த்திருக்கலாம். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அடுப்பும் குடுவைகளும் கிடங்குக்குப் போகும், காற்றழுத்தம் காட்டும் பித்தளை அரைக்கோளங்கள் மட்டும் அழகுக்கு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் என்று முடிவாகிவிட்டது. என் அரைக்கோளங்கள், பூச்சாடிக்குப் பக்கத்தில்.

வேறு தலைமை ஆசிரியராக இருந்தால் வாசலில் நின்று கத்தியிருப்பேன். இவரோ சம்பந்தி. முள்ளில் விழுந்த சேலையை வெடுக்கென்று இழுக்க முடியுமா? நான் இங்கே ஒரு வார்த்தை கூடப் பேசினால் அங்கே என் மகள் சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்து உட்கார வேண்டும். பெண்ணைப் பெற்றவள் நான். வாயை மூடிக்கொண்டேன். இந்த விவகாரத்தில் நான் செய்தது மொத்தமும் அவ்வளவுதான், ஐயா. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பதவியேற்றதற்கு அவருக்கு நான் ஒரு டப்பா பரிசளித்திருந்தேன். நல்ல கனமான எவர்சில்வர், உள்ளே ரப்பர் வளையம், விளிம்பு வெளியே தெரியாமல் வழுவழுவென்று பொருந்தும் மூடி. மதியம் நாங்கள் இருவரும் அவர் அறையில்தான் சாப்பிடுவோம். ஒரு நாள் மகள் அவசரத்தில் சாப்பாட்டைச் சூடாகவே வைத்து மூடிவிட்டாள் போலிருக்கிறது. தற்செயல். சம்பந்தி மூடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. துண்டு போட்டு இழுத்தார். வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர மூடி அசையவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் தன் கையால் ஒரு நாளும் மூடியிராத ஆண்பிள்ளை அவர். மூடி எதனால் இறுகுகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

மேசையில் டப்பாவை வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். டப்பாவைப் பார்க்கவில்லை, ஐயா. கையைப் பார்த்தார்.

விளக்கம் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். டப்பாவை வாங்கிக்கொண்டு இங்கே வந்து, அடுப்பில் இருந்த வெந்நீரில் அடியை நனைத்துவிட்டு எடுத்துப் போனேன். அவர் எதிரில் இரண்டே விரலால் திறந்து வைத்தேன்.

"லேசாத்தானே இருந்துச்சு சம்பந்தி."

அவர் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மறுநாள் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "மாமா வயசானவரு, ஆறிப்போனத சாப்பிட்டா ஒத்துக்காது. இனிமே சூடாவே வச்சு மூடிடு" என்றேன். அவள் என் மகள் அல்லவா. பேச்சு வருவதற்கு முன்பே டின் நசுங்குவதைப் பார்த்தவள்.

"சூடா மூடுனா மூடி இறுகிக்காதாம்மா?"

"வெந்நீர்ல காட்டித் திறக்கச் சொல்லி மாமாகிட்ட சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும்."

இது ஒன்றுதான் நான் சொன்ன பொய். ஒன்றே ஒன்று.

அதற்குப் பிறகு தினமும் அந்த டப்பா மேசைக்கு வரும், அவர் இழுத்துப் பார்ப்பார், நான் இங்கே எடுத்து வந்து திறந்து கொடுப்பேன். சில நாள் நானே எதிரில் நின்று "கொஞ்சம் அழுத்திப் பாருங்க" என்று உற்சாகப்படுத்துவேன். இதை அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. குண்டு எறிந்து கோப்பை வாங்கிய மனிதர், மருமகளிடம் போய் டப்பா திறக்க வரவில்லை என்று எந்த வாயால் சொல்வார்? அவருடைய மானம் எனக்கு நன்றாக ஒத்துழைத்தது.

ஒரு சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு இந்தக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தியம்மா, வீட்டுல சொல்லிடாதீங்க. என் கையில ஏதோ கோளாறு. நீங்க சயின்ஸ் படிச்சவங்க. கொஞ்சம் பாருங்களேன்."

என்னை நம்பி வந்தவர். வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? மூன்று பாத்திரம் எடுத்து வைத்தேன். ஒன்றில் சூடு பொறுக்கும் வெந்நீர், ஒன்றில் பனிக்கட்டி போட்ட தண்ணீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். வலக்கையை வெந்நீரிலும் இடக்கையைக் குளிர்ந்த நீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னேன். பிறகு இரண்டையும் சேர்த்து நடுப்பாத்திரத்தில் விடச் சொன்னேன்.

"எப்படி இருக்கு?"

"வலது கை ஜில்லுங்குது. இடது கை சுடுது." அவர் குரல் இறங்கிப்போனது. "ஒரே தண்ணிதானே சம்பந்தியம்மா?"

"ஒரே தண்ணிதான்."

உங்கள் கையானாலும் அப்படித்தான் சொல்லும். என் கையும் அப்படித்தான். கைக்கு வெப்பநிலையை அளக்கத் தெரியாது, தான் முன்பு இருந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தெரியும். ஏழாம் வகுப்புப் பாடம். பிள்ளைகள் இதைச் செய்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் "ஓஹோ" என்று மட்டும் சொன்னேன். பிறகு, "எதுக்கும் ஒரு டாக்டரப் பாத்துடுங்க" என்றேன். யோசித்துப் பாருங்கள், டாக்டரைப் பார் என்று சொல்வது ஒரு குற்றமா?

டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. ஒன்றும் இல்லாமல் எப்படி டப்பா திறக்காமல் போகும்? டாக்டருக்கே பிடிபடாத வியாதி என்று முடிவுகட்டிவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார். கையெழுத்துப் போடும்போது பேனா நழுவிவிடும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒன்று கவனித்தீர்களா? டப்பாவுக்கு வெளியே நான் எதுவும் செய்யவில்லை. மீதியையெல்லாம் அவரே செய்துகொண்டார். எண்ணெய் டின்னும் அப்படித்தான்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். வரவில்லை. படத்தில் பார்த்தால் போதும் என்று சொன்னவர் அவர்தானே.

ஆண்டு விழாவுக்கு வருகிறேன். அறிவியல் நிகழ்ச்சி என் பொறுப்பு. பித்தளை அரைக்கோளங்கள் இரண்டையும் வாயோடு வாய் பொருத்தி, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டேன். பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. காற்று உள்ளே போகாதவரை இரண்டு பக்கமும் பயில்வான்கள் நின்று இழுத்தாலும் பிரியாது. அடியில் சின்னத் திருகு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போய்விடும், குழந்தைகூடப் பிரித்துவிடலாம். வழக்கமாக உடற்பயிற்சி ஆசிரியரை அழைப்பேன், அவர் திணறுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு திருகைக் காட்டுவேன். வருடா வருடம் நடக்கும் தமாஷ் இது. பழைய பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். புதிதாக வந்தவருக்குத்தான் தெரியாது.

"நம்ம தலைமை ஆசிரியர் அந்தக் காலத்துச் சாம்பியன். அவரே மேடைக்கு வரட்டும்" என்று ஒலிபெருக்கியில் அழைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். அது எனக்குப் புரிந்தது, புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்தார். ஒரு பக்கத்தை உடற்பயிற்சி ஆசிரியர் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இவர் இழுத்தார். இரண்டு பேரும் இழுத்தார்கள் என்றாலும் கூட்டம் பார்த்தது இவரை. முகம் சிவந்து, கால் வழுக்கி, கண்ணில் தண்ணீர் வந்தபிறகும் இழுத்தார். நான் பணிவாக வாங்கி, மேசைக்குக் கீழே திருகை லேசாகத் தளர்த்திவிட்டுப் பாட்டு டீச்சரை அழைத்தேன். ஊதினால் பறந்துவிடுவார் அவர். இரண்டு விரலால் பிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அரங்கமே சிரித்தது. பிள்ளைகள் அந்தத் தமாஷுக்குச் சிரித்தார்கள். அவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். விளக்கம் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் விருப்ப ஓய்வு கேட்டுவிட்டார். "இந்தக் கைய நம்பி ஒரு பள்ளிக்கூடத்த எப்படிப் புடிக்கறது சம்பந்தியம்மா?" என்று என்னிடம்தான் முதலில் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. பொய்யாக இல்லை, நிஜமாகவே கலங்கியது. மூத்த ஆசிரியை என்பதால் பொறுப்பு என் கைக்கு வந்தது. திரை வாங்கும் பேச்சு அப்படியே நின்றுபோனது. கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்தேன். எல்லாம் பிள்ளைகளுக்காக.

என் பேத்தி பிறந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, வாசலில் நின்ற தாத்தாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க வாங்கிக்கங்க சம்பந்தியம்மா. நான் போட்டுடுவேன்."

நான் வாங்கிக்கொண்டேன். பூப்போல இருந்தது, கனமே இல்லை. அவர் எட்டி நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று உங்கள் பேனா நிற்கிறது. சொல்லத்தான் நினைத்தேன். அறை நிறைய ஆட்கள். ஒரு மனிதரின் பலவீனத்தைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசுவது நாகரிகமா? பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். மாதங்கள் ஓடிவிட்டன. குழந்தை தவழ ஆரம்பித்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார், அது விழுந்தால் பிடிக்கக்கூடப் பயந்துகொண்டு.

ஐயா, ஒரு நிமிடம். அந்த டப்பாவை நீங்கள் இரண்டு முறை திறக்கப் பார்த்தீர்கள். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு. திறக்காததும் மெல்ல மேசையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி உங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டீர்கள். இத்தனைக்கும் காரணத்தை நான் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். நீங்கள் வருவதற்கு முன் டப்பாவைக் கொஞ்சம் சூடுபடுத்தித்தான் மூடினேன். விளக்கம் தெரிந்த உங்களுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்ததே, தெரியாத மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்குமே என்றுதான்.

முன்பு சொன்னதில் இரண்டு திருத்தம் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு விழாவில் மணி அடித்துவிட்டது என்றேன். என் நிகழ்ச்சி முடிந்ததும் உடனே அடித்துவிடு என்று மணியடிப்பவரிடம் காலையிலேயே சொல்லிவைத்தவள் நான். இன்னொன்று, முதல் நாள் மூடி இறுகியது தற்செயல் என்றேன். அந்த டப்பாவை வாங்கும்போது கடைக்காரரிடம் வெந்நீர் கேட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் ஊற்றி மூடி, ஆறவைத்து இழுத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் நான் கசிவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அவர் பதவியேற்பதற்கு முன்பே என் காதுக்கு வந்துவிட்டது. அவர் நின்று பார்த்துவிட்டுப் போனாரே, அதற்குள் டப்பா அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. அன்று காலை மகள் அவசரத்தில் இருந்தாள் என்றேன். அவளை அவசரப்படுத்தத்தான் காலையில் மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன்.

இப்போது சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது.

எப்படி வெளியே வந்தது என்கிறீர்களா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது என் மகளுடைய ஞாபகத்தால். மாமனாருக்குத் தெம்பு வரட்டும் என்று ஒரு நாள் இறுகிப்போன ஜாடியை நீட்டித் திறக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் "எங்கேம்மா, டப்பாவே தொறக்க வரல" என்று அத்தனை நாள் கதையையும் கொட்டிவிட்டார்.

"வெந்நீர்ல காட்டித் திறக்கணும்னு அம்மா சொல்லித் தந்தாங்கல்ல மாமா?"

"எந்த அம்மா?"

போன வெள்ளிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மகள் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் டப்பா, பின்னால் சம்பந்தி. அவரை முன்வரிசையில் உட்காரவைத்தாள். நீங்கள் இருக்கும் இடம்தான். குழந்தையை என்னிடம் கொடுத்து, "இவளக் கொஞ்சம் வச்சுக்கோ" என்றாள். பிறகு என் வகுப்பை எடுத்தாள், ஐயா. டப்பாவை வெந்நீரில் வைத்து அவரையே திறக்கச் சொன்னாள், இரண்டு விரலில் திறந்தது. அரைக்கோளத்தைக் கொடுத்துத் திருகை அவர் கையாலேயே திறக்கவைத்தாள். மூன்று பாத்திரம் வைத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கையை உள்ளே விடச் சொல்லி, எல்லாக் கையும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறது என்று காட்டினாள். காட்டினாள், கேட்டாள், ஒன்று விடாமல் சொன்னாள். அழகாகச் சொன்னாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பயிற்சி அது.

"கோளாறு உங்க கையில இல்ல மாமா" என்று சொல்லி, குழந்தையை என்னிடமிருந்து வாங்கி அவரிடம் நீட்டினாள்.

அவர் கையைத் தூக்கினார். பாதி தூரம் வந்தது. குழந்தை சிரித்துக்கொண்டு தாவியது. அவர் மெல்லக் கையை இறக்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"புரிஞ்சுதும்மா. எல்லாமே புரிஞ்சுது. கைக்குத்தான் இன்னும் புரியல."

என்மேல் புகார் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. சம்பந்தி மேலேயா என்று கேட்டாராம். மகள்தான் நேராகப் போய் நிர்வாகத்தில் சொன்னாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியவள் நான் என்று சொன்னாளாம். பெற்ற தாயைப் பற்றி. எனக்கு வருத்தமில்லை. ஆமாம், ஐயா, நான்தான் செய்தேன். யோசித்துச் செய்தேன், தெரிந்து செய்தேன். அவர்மேல் என் விரல்கூடப் படவில்லை. ஆனாலும் முழுக்க முழுக்க நான்தான் செய்தேன். கூடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பிள்ளைகள் வரும் வெள்ளிக்கிழமையும் வந்து உட்காருவார்கள். என்னை இங்கிருந்து அனுப்பினாலும் டின்னை யாராவது நசுக்கிக் காட்டுவார்கள் அல்லவா?

அன்று வகுப்பு கலைந்த பிறகு மகள் கதவோரம் நின்றாள். இனி எங்க வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டு, போகும்போது திரும்பி ஒன்று சொன்னாள். "உன்ன மாதிரி டீச்சர் யாரும் இல்லம்மா. நீ விளக்கம் சொல்லாம நடத்துன பாடம், இனி யாரு எத்தன விளக்கம் சொன்னாலும் மாமாவுக்கு மறக்காது."

அதையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பிறந்ததிலிருந்து என் மகள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.